அண்ணன் குடித்ததில்லை

ஜெர்மன் பேசும் இந்த ஊரில், எங்கள் ஆய்வகத்தில், வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மூத்த விஞ்ஞானி முதல் கண்ணாடிக் குடுவை கழுவுபவர் வரை ஒரே மேசையில் உட்கார்ந்து பியர் குடிப்பார்கள். 'ஃபைராபெண்ட்' என்பார்கள், அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். எனக்கு மட்டும் ஆப்பிள் சாறு. சேர்ந்த புதிதில் உடன் வேலை செய்த உர்சுலா காரணம் கேட்டாள். அண்ணன் ஈரல் கெட்டு இறந்தான் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். ஈரலுக்கு 'லேபர்', வாழ்வதற்கு 'லேபன்'. மாற்றிச் சொல்லிவிட்டேன். வாழ்ந்ததால் செத்தான் என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. திருத்தியதும் தலையாட்டி, "ஓ, குடியா?" என்றாள். எங்கள் ஊர் ஆவடியிலும் இதைத்தான் கேட்டார்கள்.

சாமுவேல் அண்ணன் பக்கத்துப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினான். எண்பதுகளின் கடைசியில், நான் சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, அவனுக்குக் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "எவ்ளோ வருசமா குடிக்கிறே?" என்றார்.

"நான் குடிக்க மாட்டேன் சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

சில மாதங்களில் போய்விட்டான். ஆவடி சேக்காட்டில் எங்கள் வாசலில் நின்ற கூட்டத்தில், "ஊட்டுக்குத் தெரியாம ஊத்திகினு இருந்துகீறான் பாரு" என்று யாரோ சொன்னது அம்மா காதில் விழுந்தது. அம்மா நம்பிவிட்டாள். அவன் மனைவி எஸ்தர் அண்ணிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மறைத்தாள் என்றும் நம்பினாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா எம்புள்ளய காப்பாத்தியிருப்பேனே" என்று அண்ணி சோறு போடும்போதெல்லாம் அம்மா சொல்வாள். அண்ணி இன்னொரு கரண்டி வைப்பாள். மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகவில்லை.

தொண்ணூறுகளில் ரைன் நதிக்கரையிலிருக்கும் இந்த நகரத்துக்கு வந்தேன். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு மருந்து தேடும் குழுவில் வேலை. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளக் கோக்கும் மரபணுச் சங்கிலியில் பொய்க் கண்ணியாக நுழைந்து, அதற்குமேல் கோக்க விடாமல் செய்யும் மூலக்கூறை நாங்கள் உருவாக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அதே வைரஸ் என் ரத்தத்தில் இருந்தது. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று இங்குள்ள டாக்டர் கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வருவது, தாய்க்கே தெரியாமல் இருக்கும் என்றார்.

வெளியே வந்து ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதே முடிவு வரலாம் என்ற பயம் அப்போது வரவில்லை. "நான் குடிக்க மாட்டேன் சார்" என்ற அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளுக்கும் மகளுக்கும் ரத்தம் பார்த்தோம். ஒன்றுமில்லை, தடுப்பூசி போட்டோம். சர்க்கரை பார்க்கலாம் என்று சொல்லி அம்மாவுக்கும் எடுத்தோம். அம்மாவுக்கு அந்த வைரஸ் இருந்தது.

"அவுரு குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்றாள் அண்ணி.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அருகே உட்கார்ந்து, "அண்ணன் குடிக்கலம்மா. அது ஒரு கிருமி" என்றேன்.

அம்மா கை நின்றது. "அப்போ எப்டிடா வந்துச்சு அவனுக்கு?"

என்னிடம் பதில் இருந்தது. நானும் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரித்தேன். அடுப்படியிலிருந்து திரும்பாமலே அண்ணி சொன்னாள்: "கம்பெனில கை கிழிஞ்சு ஊசி போட்டுகினு வந்தாரே அத்தே. அந்த ஊசிலதான் வந்துகீது."

அம்மா கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். பிறகு, "எம்புள்ள பொய் சொல்லல" என்றாள். அண்ணி பக்கம் திரும்பி, "உன்ன எவ்ளோ பேசிட்டேன் எஸ்தரு."

"சாப்டலாம் வாங்க அத்தே" என்றாள் அண்ணி.

திரும்பி வந்து பல ஆண்டுகள் ஒரே மூலக்கூறின் பின்னால் அலைந்தேன். ஓர் அணுவை எடுப்பேன், இன்னொன்றைச் சேர்ப்பேன். கண்ணாடித் தட்டில் அது வைரஸை அடக்கியது. எலிகளிலோ ஈரலையே கெடுத்தது. ஒரு காலைக் கூட்டத்தில் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் அம்மாவும் போய்விட்டாள், கடைசிவரை அந்த ஊசியைத் திட்டிக்கொண்டே.

என் ரத்தத்தை இங்கே அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார்கள். போன முறை வந்த புது நர்ஸ் சிரித்த முகத்துக்காரி. குப்பியை மூடிக்கொண்டே, "இந்த ஊரில் உங்களுக்குச் சொந்தம் யாராவது உண்டா?" என்று கேட்டாள்.

யாருமில்லை என்றேன். அவள் கையிலிருந்த குப்பி இன்னும் சூடாறாமல் இருந்திருக்கும். அம்மா எனக்கும் அண்ணனுக்கும் கொடுத்தது அதற்குள் இருந்தது. என் பெயரை ஜெர்மன் உச்சரிப்பில் வாசித்து, சீட்டை அதன்மேல் ஒட்டி, வரிசையில் வைத்தாள்.