டேப்பை விரித்துப் பார்த்தவர்

செபஸ்தி அக்கா இறந்த செய்தியைப் பழைய அலுவலகத்துக் காவலாளி தொலைபேசியில் சொன்னார். "அக்கா போயிட்டாக சார், நேத்துக் காலைல." மதுரையில் வேலையில் இருந்தேன். போட்டது போட்டபடி கிளம்பினேன்.

இராமேசுவரம் தீவில் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் அக்காவும் நானும்தான் கணினிப் பிரிவு. எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போனார்கள் என்ற பதிவு முழுவதும் ஒரே யுனிக்ஸ் சர்வரில் இருந்தது. கரை திரும்பாதவர்களுக்காக மனுக் கொடுக்க அதுதான் ஆதாரம். அக்கா தங்கச்சிமடத்து மீனவக் குடும்பம். கோபம் வந்தால் கணினியையும் திட்டுவார், என்னையும் திட்டுவார். கணினியைக் கொஞ்சம் மரியாதையாக.

சர்வரை நிறுத்த எங்களுக்குக் கிடைத்தது மீன்பிடித் தடைக்காலம் ஒன்றுதான். ஒரு வருடம் இரண்டு டிஸ்க்கையும் அழித்து ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட முடிவானது. அதற்கு முன் எல்லாவற்றையும் டேப்பில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலை என் பொறுப்பு. அழிக்கவிருந்த அன்று வராந்தாவில் ஒரு பெண் காத்திருந்தார். அவர் கணவரும் உடன் போன மூவரும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் இருந்தார்கள். பதிவின் நகல் வேண்டும். வாங்கியிருந்த பிரிண்டரோ புது சிஸ்டத்தில்தான் ஓடும்.

"ஏலே, டேப்ப விரிச்சுப் பாத்தியா?" என்றார் அக்கா.

"பாத்தேங்க்கா" என்றேன். பார்க்கவில்லை. பேக்கப் பிழையில்லாமல் முடிந்ததாகத் திரையில் வந்ததை மட்டும் பார்த்திருந்தேன்.

"தண்ணிக் கேனத் தட்டிப் பாத்துட்டா கடலுக்குப் போவாக? குடிச்சில்ல பாக்கணும்" என்று டேப்பை வாங்கிப்போய், மூலையில் கிடந்த பழைய கணினியில் விரித்து, உள்ளே ஏறியிருந்ததை வெளியே எடுத்துப் பார்த்தார்.

படகுப் பதிவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. சில மாதங்களுக்கு முன், இடம் போதாமல் பதிவுகளை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு லிங்க் வைத்தது நான்தான். சரக்கு அங்கே இருக்கிறது என்று சொல்லும் சீட்டு அது. டேப்பில் ஏறியது சீட்டு மட்டும். அழித்திருந்தால், கடலுக்குப் போன அத்தனை பேரும் எங்கள் கணக்கில் போகாதவர்கள்.

அக்கா திட்டவில்லை. வராந்தாவை ஒருமுறை பார்த்தார். "தப்பு எல்லாருக்கும் வரும்டா. பாக்காதத பாத்தேன்னியே, அதான் எனக்கு ஆகல."

எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. இருவரும் மறுபடி எடுத்தோம், விரித்தோம், வரி வரியாகச் சரிபார்த்தோம். பிறகுதான் அழித்தோம். மறுநாள் மாலை அந்தப் பெண் நான்கு பெயர்கள் அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு போனார். அக்கா மேலிடத்தில் மூச்சுவிடவில்லை.

அக்காவை அறிந்தவர்கள் அவருடைய சிரிப்பையும் மீன் குழம்பையும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு மிஞ்சியது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லும் பழக்கம். அதனால் நான் கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன்.

தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொகத்தப் பாத்தியா தம்பி? தூங்குற மாதிரியே இருந்தா."

ஆமாம் என்றிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாக்கலண்ணே" என்றேன்.