ஸ்டேஷனில் படுத்தவன்

உத்திரமேரூர் போகிற ரோட்டில், எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரேதான் என் டீக்கடை. இருசப்பனை நான் பார்க்காத சாயங்காலம் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கக்கத்தில் பாயோடு வருவான். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் விரித்துப் படுப்பான், விடிந்ததும் எழுந்து போவான். என்ன திருடினான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். அவன் ஒரு துரும்பைக்கூடத் திருடியதில்லை.

இருளர் சாதி. ஏரிக்கரை ஓரத்தில் குடிசை. வெள்ளைக்காரன் காலத்தில் சில சாதிகளையே திருட்டுச் சாதி என்று முத்திரை குத்தி, ராத்திரி ஸ்டேஷனுக்கு வரவழைத்துப் படுக்கவைக்கிற சட்டம் ஒன்று இருந்தது. எந்த அதிகாரி எதற்காகச் சேர்த்தானோ, இருசப்பனின் அப்பன் அதில் மாட்டிக்கொண்டான். அப்பன் செத்ததும், ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி, அந்தத் தாழ்வாரம் மகனுக்கு வந்தது. சுதந்திரம் வந்ததும் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதை இருசப்பனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் படுப்பதை நிறுத்தவில்லை.

பகலில் இதே ஊர்ப் பெரிய மனுஷர்கள், "இருசப்பா, வரப்பெல்லாம் எலிடா" என்று ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். புகைச்சட்டியை எடுத்துக்கொண்டு போய், வளைக்கு வளை ஊதி எலி பிடித்து அவர்கள் நெல்லைக் காப்பாற்றுவான். பொழுது சாய்ந்தால் அவன் திருடன். நல்ல நியாயம், போங்கள்!

அவன் பெண்டாட்டி அம்முலுவுக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது துணைக்கு ஆளில்லை. இவன் தாழ்வாரத்தில் படுத்திருந்தான். குழந்தை தங்கவில்லை. அவள் மறுபடி மாசமானபோது என் கடை வாசலில் வந்து நின்றான்.

"இந்த வாட்டியாவது நான் வூட்ல இருக்கணும் நைனா. வேற ஒண்ணும் வேணாம்."

ஐம்பத்தேழாம் வருஷம், அறுப்பு முடிந்த சமயம். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற அமெரிக்க சர்க்கார் வேன் வந்து ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் திரை கட்டியது. தாமோதரன் என்று ஒரு மெட்ராஸ்காரர் மைக் பிடித்துத் தமிழில் விளக்கினார். இருசப்பன் பாயோடு ஸ்டேஷன் மதில் ஓரமாகவே நின்று பார்த்தான்.

"இங்கிலாந்துல ஒரு பழைய வழக்கம். ராஜாவே ஆனாலும் காரணம் சொல்லாம ஒருத்தரை அடைச்சு வைக்கக் கூடாது, ஜட்ஜ் முன்னால நிறுத்தணும். தப்பு பண்ணாரா இல்லையான்னு ஊர்க்காரங்க பன்னிரண்டு பேர் சொல்லணும். அமெரிக்காவுக்குக் குடிபோன இங்கிலீஷ்காரங்க இந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுதான் போனாங்க. ஆனா ராஜா அவங்களைக் கேக்காமலே வரி போட்டாரு. அவரோட ஆளுங்க சோதனைன்னு சொல்லி வீடு வீடாப் புகுந்தாங்க. அந்தப் பன்னிரண்டு பேர் இல்லாத கோர்ட்டுல விசாரிச்சாங்க. 'நாங்களும் இங்கிலீஷ்காரங்கதானே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?'ன்னு கேட்டுப் பாத்தாங்க. வரி போட்ட தேயிலையைக் கடல்ல கொட்டினாங்க. கடைசில சண்டை போட்டு ஜெயிச்சாங்க. பட்ட பாட்டுல, தங்களோட சொந்த சர்க்காரைக்கூட அவங்க நம்பலை. சட்டம் போட ஒருத்தர், நடத்த ஒருத்தர், தீர்ப்பு சொல்ல ஒருத்தர்னு பிரிச்சு வச்சாங்க. காரணமில்லாம ஆளைப் புடிக்கிறது நம்ம சர்க்காருக்கும் ஆகாதுன்னு எழுதிக் கட்டிப்போட்டாங்க."

எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்போது திரையில் ஒரு ஓவியம் வந்தது. கோட்டுப் போட்ட தலைவர் ஒருவர் கம்பீரமாக நிற்கிறார், பின்னால் ஒரு கறுப்பு ஆள் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

மதில் பக்கமிருந்து இருசப்பன் குரல் கேட்டது. "சாமி, குதிரைய புடிச்சிக்கினு கீறாரே, அவருக்கும் அந்த சட்டம் உண்டா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாமோதரன் சிரிக்கவில்லை. "அவருக்கு இல்லைங்க. அவர் அடிமை. அவங்களுக்கெல்லாம் ரொம்பக் காலம் கழிச்சுதான் கிடைச்சுது."

"அவரு இன்னா தப்பு பண்ணாரு?"

மனுஷர் அடுத்த ரீலை மாட்டப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே இருசப்பனை இழுத்துக்கொண்டு சப் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி முன் நின்றேன். "எந்தச் சட்டத்துல சார் இவன் இங்க படுக்கிறான்?" என்று கேட்டேன்.

அவர் கையை விரித்தார். "எவன்யா வரச் சொன்னான்? நான் வந்த நாள்லேர்ந்து அவனா வந்து படுக்கிறான். டேய், இனிமே வராத. வூட்டுக்குப் போ."

அடப்பாவிகளா! கதவே இல்லாத ஜெயிலில்தான் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறான். இருசப்பன் பாயைக்கூட எடுக்காமல் குடிசைக்கு ஓடினான்.

ஒரு வாரம் போயிருக்கும். ரைஸ்மில்லில் எஞ்சின் பெல்ட் காணாமல் போனது. போலீஸ்காரர்கள் நேராக ஏரிக்கரைக்குத்தான் போனார்கள். ஆனால் எல்லாம் முறைப்படி நடந்தது, குறை சொல்ல முடியாது. காரணம் சொன்னார்கள், மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். படத்தில் சொன்னதில் பன்னிரண்டு பேர்தான் பாக்கி.

"பெல்ட் காணாமப் போன அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தே?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

"வூட்ல எஜமான்."

"சாட்சி?"

"எம் பொண்டாட்டி."

"வருஷக்கணக்கா ஸ்டேஷன்ல படுத்தவன் சார்," என்றார் கிருஷ்ணசாமி. "வரதை நிறுத்தின வாரமே திருட்டு."

ரிமாண்டில் வைத்தார்கள். அவன் உள்ளே இருக்கும்போதே அம்முலுவுக்கு வலி கண்டது. என் வீட்டுக்காரி ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டாள். பெண் குழந்தை. சாமி புண்ணியம், பிழைத்துக்கொண்டது. அப்புறம்தான் மில்லில் எஞ்சின் ஓட்டிய டிரைவரே பெல்ட்டைக் காஞ்சிபுரத்தில் விற்றது வெளியே வந்தது. இருசப்பனை விட்டார்கள்.

மத்தியானம் குழந்தையைப் பார்க்க ஓடினவன், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கக்கத்தில் புதுப் பாயோடு ரோட்டில் வந்தான். எனக்கு வந்ததே கோபம்! கடையை விட்டு இறங்கிக் கத்தினேன்.

"உனக்கு அறிவு கீதாடா? விட்டுட்டாங்க இல்ல! வூட்டுக்குப் போடா!"

"கோச்சிக்காத நைனா," என்றான். "அங்க படுத்துக்கினு இருந்த வரைக்கும் என்னைத் திருடன்னு உள்ள போட முடிஞ்சுதா? போலீஸே சாட்சி. வூட்ல இருந்தா யாரு சாட்சி?"

"அம்முலு என்னடா சொன்னா?"

"அவதான் பாய் சுருட்டிக் குடுத்தா. கொயந்தைக்கு அப்பன் வெளிய இருக்கணும்னா நீ அங்கியே போய்ப் படுன்னா."

அவன் ரோட்டைத் தாண்டிப் போனான். தாழ்வாரத்தில் கான்ஸ்டபிள் பஞ்சாட்சரம் எழுந்து, "டேய், உன்ன யாருடா கூப்டது?" என்றார்.

"யாரும் கூப்டல எஜமான்." இருசப்பன் பாயை விரித்தான். "நான் இங்கதான் கீறேன். நல்லா பாத்துக்கோங்க."