இடது சக்கரத்தின் இரைச்சல்

மகளுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் என் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இது அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது.

மூன்று வாரமாகக் காரின் முன்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும், அறுபதில் உள்ளே பேசுவது கேட்காது. வீல் பேரிங் முற்றிலும் போய்விட்டால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிவிடலாம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததிலிருந்து நிம்மதி இல்லை. மணலிச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள், நடுவே அவள், சக்கரம் நின்றுவிடுகிறது. சாப்பிடும்போதுகூட இந்தக் காட்சி வந்துவிடும்.

எதையும் கிழமை, தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். இந்த இரைச்சலையும் எழுதியிருந்தேன்: எந்த நாள், எந்த வளைவு, என்ன வேகம். பதினேழு பதிவுகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. வலப்பக்கம் திரும்பினால் சத்தம் கூடுகிறது, இடப்பக்கம் திரும்பினால் குறைகிறது. ஆகவே கெட்டது வலது பேரிங். அடிக்கோடும் போட்டிருந்தேன்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், காரை ஜாக்கியில் தூக்கி ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றுவார், மறு கையால் அதற்கு மேலுள்ள ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வார். பேரிங் கெட்டிருந்தால் அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். அன்றும் அப்படித்தான் ஆரம்பிக்கப் போனார். பேரிங்கை அழுத்தி எடுக்கும் பிரஸ் சாத்தாங்காட்டில் ஒரு பட்டறையில் இருந்தது. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அந்த அவசரத்தில் நான் நோட்டைப் பிரித்து வாசித்தேன்.

"இன்னா சார், பேஷண்டே மருந்துச் சீட்டு எழுதிகினு வந்துட்ட? அப்ப நான் இன்னாத்துக்கு, ஊசி குத்தவா?"

"நேரமில்லைங்க. வலதுதான், சந்தேகமே இல்லை."

"உன் வண்டி. அப்பால என்னைக் கேக்காத."

வலது சக்கரத்தைக் கழற்றி, பேரிங் பொருந்தியிருந்த கனமான இரும்புத் துண்டைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்தார். நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பட்டறையில் ஒரு நிமிடம்கூட என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போவேன், தகடு ஏற்றும் லாரியைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். பிரஸ் இறங்கியது. டப்பென்று பேரிங் வெளியே வந்தது.

மெக்கானிக் உள்வளையத்தைத் துணியால் துடைத்தார். என் முன்னால் நீட்டினார்.

"பாத்துக்க நைனா. கண்ணாடி மாதிரி கீது. இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடியிருக்கும்."

அழுத்தி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போட முடியாது. புதிதை அதில் பொருத்திக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினோம். அங்கே மகள் காத்திருந்தாள். மூன்று முறை போன் செய்திருக்கிறாள், நான் எடுக்கவில்லை. மெக்கானிக் இடது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். "ஸ்பிரிங்கைப் புடி" என்றார். பிடித்தேன். மணலை அரைப்பதுபோல் விரலில் நறநறத்தது.

"ஆனா வலப்பக்கம் திரும்பும்போதுதானே..."

"பஸ்ல நின்னுகினு போற. வண்டி ரைட்ல திரும்புது. நீ எங்க சாய்வ?"

"இடப்பக்கம்."

"வண்டியும் அப்டித்தான். வெயிட்டு மொத்தமும் லெஃப்ட் சக்கரத்துல. மூட்டை தூக்கறவன்தான கத்துவான்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி நாலரை. மழைக்காலத்தில் சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் தேங்குவது சாலையின் இடது ஓரத்தில்தான். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி இடது சக்கரத்தைத்தான் நான் வருடாவருடம் அதில் முக்கியிருக்கிறேன். பதினேழு பதிவுகளில் ஒன்றில்கூட மழை இல்லை.

மறுபடியும் கழற்றல், மறுபடியும் சாக்கு, மறுபடியும் பைக். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டறைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மெக்கானிக் குனிந்து உள்ளே தலையை நீட்டி, "மாமு, பொண்ணு வேலைக்குப் போவணும்பா" என்றார். ஷட்டர் ஏறியது. இந்த முறை வெளியே வந்த வளையம் முழுக்க அம்மைத் தழும்பு, கிரீஸ் செந்நிறச் சேறு.

ஞாயிறு காலை எண்ணூர் விரைவுச் சாலையில் மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நாற்பது, ஐம்பது, அறுபது. வலது வளைவில் சத்தமில்லை. இன்னொரு தரம் போ என்றேன். போனாள். கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தரம் என்றேன். கடல் காற்றும் டயரும் மட்டும்தான் கேட்டன.

நாலாவது சுற்றில் வண்டியை ஓரம் கட்டினாள்.

"ப்பா, உனக்கு பேரிங் மேல பயமா, நான் ஓட்டறது மேல பயமா?"

ஸ்டியரிங் மேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தேன். கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களில் அவை சரியாக இருந்தன. கதவைத் திறந்து இறங்கினேன்.

"நீ வீட்டுக்குப் போ. நான் நடந்து வரேன்."

அவள் கண்ணாடியில் பின்னால் வந்த லாரியைப் பார்த்து, அதைப் போகவிட்டு, இண்டிகேட்டர் போட்டுச் சாலையில் ஏறினாள். கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.