பஞ்சு மூடிய முட்டைகள்

இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் ஏதோ இருக்கிறது என்று அக்கா தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சிலாங்கூர், டெங்கிலில் வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளம் போட்டிருந்தாள். என் இதய அறுவை நல்லபடி முடிந்தால், தன் கையால் விளைந்த சோளத்தை அவித்துத் தைப்பூசத்தன்று பத்துமலையில் கொடுப்பதாக அவளுக்கு வேண்டுதல்.

பயிர்ப் பூச்சிகளைப் பார்ப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்றபின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தேன். அறுவைக்குப் பிறகு தேநீர்க் கடைவரை நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன். அங்கேதான் பழைய சக அலுவலர் ஒருவர், சோளத்தை அழிக்கும் படைப்புழுவைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் கடந்து நம் வடக்கு எல்லைக்கு வந்துவிட்டதாம். அதன் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டுத் தன் உடல் மயிரால் மூடும் என்றார். சிலாங்கூர் வர வருடங்களாகும் என்று வாதாடினேன். ஆனால் காற்றோடு ஒரே இரவில் நெடுந்தூரம் பறக்கும் பூச்சி அது. பிறகு அந்தப் பஞ்சைப் பற்றித் தொலைபேசியில் சொன்ன அக்காவிடமும், "தண்டுத் துளைப்பான்தான்க்கா, நம்ம ஊருப் பூச்சி. பெருசா ஒண்ணும் செய்யாது லா" என்றேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் போனபோது குருத்துகளில் மரத்தூள் போலப் படைப்புழுவின் எச்சம் நிறைந்திருந்தது. வளர்ந்த புழுக்கள் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பூச்சியாக எழுந்து, மீந்த செடிகளிலும் முட்டை வைத்திருந்தன. நம் வெயிலில் இந்தச் சுற்றுக்கு ஒரு மாதம் போதும். அக்கா திட்டவில்லை. "வெயில்ல நிக்காத தம்பி, உள்ள வா" என்று மட்டும் சொன்னாள்.

தைப்பூசத்தன்று, தேறிய கொஞ்சம் கதிர்களின் அரிபட்ட நுனியை வெட்டிவிட்டு, துண்டு துண்டாக அவித்தாள். பாசாரில் வாங்கிச் சேர்க்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. காவடி இறக்கிவிட்டு வந்த ஒருவர், துண்டு இவ்வளவு சின்னதா என்றார். அக்கா என்னைக் காட்டினாள்.

"இவருதான் பூச்சி ஆபிசர், அண்ணே. மீதியை அவரு பூச்சிக்குக் கொடுத்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தேநீர்க் கடையில் கேட்டதை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பாத்திரம் காலியானதும், எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு முழுக் கதிரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சாப்பிடுடா. நீ நல்லா இருந்தா சரி. சோளம் அடுத்த வருசமும் முளைக்கும்."

அக்கா இப்போது இல்லை. அவள் மருமகள் அங்கே சோளம் போடுகிறாள்; நான் போய்க் குருத்து குருத்தாகப் பார்க்கிறேன். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அன்று அந்தக் கதிரை அவள் பக்கத்திலேயே நின்று முழுவதும் தின்றேன். நன்றாக இனித்தது.