நாலாவது மஞ்சள் சட்டை

எங்கள் தெருத் தையல்காரி வலது கையில் கத்தரியை எடுத்தால் காற்றே இரண்டு துண்டாகும். டேப்பைத் தொடவே மாட்டாள், கண்ணாலேயே அளப்பாள். இரண்டு தெரு தள்ளி நடந்து போகிற ஆளைச் சன்னல் வழியாகப் பார்த்தே, தோள் இத்தனை, கை இத்தனை, போன வருஷத்துக்கு இந்த வருஷம் இடுப்பு ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது என்று சொல்லிவிடுவாள். இரண்டு தெரு என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. நடுவில் வீடுகள் இருக்கின்றனவே! ஆனால் எதிர்ச்சாரியில் நிற்கிற ஆள் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை, அது சத்தியம். டேப்பே இல்லாதவள் என்பதால் தெருப் பிள்ளைகள் அவளுக்கு ‘டேப்பக்கா’ என்று பெயர் வைத்தார்கள், வழுக்கைத் தலையரைச் சுருட்டை என்று கூப்பிடுகிற மாதிரி.

அவள் வீட்டுக்காரருக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை எண்ணி எண்ணி, எதையும் வேளை பிரித்துத்தான் யோசிப்பார். பிள்ளைகள் மூன்று: பன்னிரண்டு வயது மூத்தவள், ஒன்பது வயது நடுவிலான், ஆறு வயதுக் குட்டி. பள்ளி விடுமுறைக்குப் பெருநகரம் கூட்டிப் போவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம், நடுவிலானுக்குப் பல் ஆடுகிறது என்று டேப்பக்கா பயணத்தை நிறுத்தினாள். அடுத்த வருஷம், தைக்கக் கொடுத்த துணி மலையாகக் கிடக்கிறது என்றாள். இரண்டும் சாக்கு என்பது பூனைக்குக்கூடத் தெரியும்.

“இந்த வருஷம் என்னம்மா சாக்கு? இப்பவே சொல்லிட்டா நான் அழுது முடிச்சுடுவேன்,” என்றான் நடுவிலான்.

“வாய் நீளுதுடா உனக்கு. வெட்டித் தைக்கவா?”

“நீ வரலைன்னா நானே மூணையும் கூட்டிட்டுப் போறேன்,” என்றார் வீட்டுக்காரர், மருந்துப் பெட்டியின் அட்டையைப் பிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டேப்பக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். மனிதர் மாத்திரையைப் பிசகாமல் எண்ணுவார். வீதியில் இறங்கினாலோ வானத்தைப் பார்த்துத்தான் நடப்பார்.

“வர்றேங்க. ஆனா மூணு பேருக்கும் ஒரே துணியில சட்டை. கூட்டத்துல கண்ணை மூடிட்டுப் பார்த்தாலும் தெரியற நிறம். எண்ணுறது நான்தான்.”

இந்த நிபந்தனைக்கு ஒரு கதை உண்டு. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா வீட்டோடு இதே நகரத்துக்குக் கூட்டிப் போனார். அண்ணன்மார் மூவருக்கும் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. கடைக்குட்டியான இவளுக்குத் துணி போதவில்லை; செங்கல் நிறத்தில் ஒரு பழைய கவுனும் அதே நிறத்தில் ஒரு ரிப்பனும்தான். ஒவ்வொரு தெருமுனையிலும் அப்பா திரும்பிப் பார்த்தார். பச்சை, பச்சை, பச்சை. “மூணும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் எண்ணியது சட்டையை. மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு மிஞ்சியபோதுதான், தனக்குப் பிள்ளைகள் நாலு என்பது மனிதருக்கு ஞாபகம் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்தார்கள். நகரத்தின் பெரிய நீரூற்றுக்குப் பின்னால், மூன்றாவது படியில், அழாமல், சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவள் இடதுகைக்காரி. ஐந்து வயதில் மாடிப்படியில் உருண்டு இடது கை ஒடிந்தது. ஒட்டிய பிறகு அது மற்றதைவிட அரை அங்குலம் குட்டையாகிப் போனது. அப்படியும் சாப்பிடுவதும் எழுதுவதும் அந்தக் கையால்தான். அன்று வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தவள் வலது கையை நீட்டினாள். அதற்குப் பிறகு எழுதியதும் வலது கையால்தான்.

“மாத்தி வாங்கிட்டு வந்துட்டோம் போல. எங்க தங்கச்சி இன்னும் அந்தப் படியிலதான் உக்காந்திருக்கா,” என்று அண்ணன்மார் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான்.

ஆக, கடுகு நிறத்தில் மஞ்சள் துணி வந்தது. ஒரு காலைப் பொழுது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், மேசைமேல் துணியை அடுக்கு மடிப்பாக விரித்தாள். சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். முன்பாகம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, காலர். ஒரு சட்டைக்கு உரிய துண்டுகளை வெட்டி முடித்ததும் மிச்சத் துணியில் கிழித்த நாடாவால் கட்டி ஓரமாக வைப்பது அவள் வழக்கம். கத்தரி ஓடத் தொடங்கினால் அவள் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும்.

வெட்டி முடித்து நிமிர்ந்தபோது மேசையோரத்தில் நாலு கட்டு இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும், யாரோ ஒருத்தருக்கு இரண்டு தரம் வெட்டிவிட்டேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு நாலையும் தைத்தாள். சாயந்தரம் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தாள். நாலாவது சட்டை நடுவிலானுக்குத் தோளில் இறுக்கியது. குட்டிக்குத் தொளதொளத்தது.

“ஏழு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்கும். குட்டி வளர்ந்து போட்டுக்கட்டும்,” என்றார் வீட்டுக்காரர்.

இஸ்திரி போடும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரம் ஒத்துவரவில்லை. இடது கை அரை அங்குலம் குட்டை.

“கை தவறியிருக்கும்மா,” என்றார் வீட்டுக்காரர்.

“எனக்குத் தவறாதுங்க,” என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. தவறியிருந்தால் நன்றாயிருக்குமே என்கிற குரலில் சொன்னாள். அந்த அளவில் அவள் காலமெல்லாம் வெட்டி வந்தது தன் ரவிக்கைகளுக்கு மட்டும்தான். சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்து, மேலே போர்வையைப் போட்டு மூடினாள்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் திட்டம் தயாரித்து, அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார். மருந்துச் சீட்டே தோற்றது. ‘முதல் நாள். காலை: மீன் காட்சியகம், உணவுக்குப் பின். மதியம்: உயரக் கோபுரம், உணவுக்கு முன்.’ கோபுரத்து லிஃப்டு குடலைப் புரட்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கீழே பிள்ளைகள் ஆளுக்கொரு ஆசையை எழுத இடம் விட்டிருந்தார். மூத்தவள் பொம்மலாட்டம் கேட்டாள். நடுவிலான் தரைக்கடியில் ஓடும் ரயில், அதுவும் முதல் பெட்டி என்றான். குட்டி, பெரிய எழுத்தில் ஐஸ்.

அதற்கும் கீழே பென்சிலில் நாலாவதாக ஒரு வரி இருந்தது. ‘நீரூற்றுக்குப் பின்னால் படிக்கட்டு.’

“நல்லா யோசிச்சிருக்கியே பெரியவளே,” என்று பாராட்டிவிட்டு, வீட்டுக்காரர் அதை மூன்றாம் நாள் காலையில் சேர்த்தார்.

“நான் எழுதலைப்பா. நீங்க எழுதுனதுன்னு நினைச்சேன்.”

“நானும் இல்லை. எனக்கு அவ்ளோ அழகா எழுத வராது,” என்றான் நடுவிலான்.

டேப்பக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். எழுத்துகள் இடமிருந்து வலமாக இழுபட்டு, பென்சில் கரி வரியெல்லாம் தீற்றியிருந்தது. இடது கையால் எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான். எழுதி முடித்த எழுத்தின் மேலேயே உள்ளங்கை போகும். அந்த வீட்டில் இடதுகைக்காரர் யாரும் இல்லை. அந்தப் படிக்கட்டு நீரூற்றுக்குப் பின்னால் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் யாரும் சொன்னதும் இல்லை. ரப்பரால் அழித்தாள். கரி போயிற்று. அழுத்தி எழுதிய பள்ளம் அட்டையில் அப்படியே இருந்தது.

நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மூன்று பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலான் மூக்கை உறிஞ்சி, அழுகைக்குத் தயாராக நின்றான்.

“பல் தேய்க்கிற பிரஷ்ஷை மறந்துடாதீங்க,” என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

நகரத்தில் அறை எடுத்துப் பையைத் திறந்தால், மேலாக நாலு மஞ்சள் சட்டை.

“யாருடி இதை எடுத்து வச்சது?”

“நீதானேம்மா நாலும் அடுக்கி மேசைமேல வச்சிருந்தே? அப்படியே தூக்கி வச்சேன்,” என்றாள் மூத்தவள்.

டேப்பக்கா மேசையில் வைத்தது மூன்று. நாலாவதைப் பைக்கு அடியில் தள்ளினாள். பயந்த முகத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டால் அப்புறம் பயணம் ஏது?

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. கோபுரத்தில் குடல் புரண்டது வீட்டுக்காரருக்கு மட்டும்தான். எங்கே பார்த்தாலும் தலை, எங்கே திரும்பினாலும் இரைச்சல். மூச்சுக்கு மூன்று தரம் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரர் திட்டத்தில் சேர்த்தபடியே நீரூற்று. மூன்று பிள்ளைகளும் மஞ்சளில். நீரூற்றுச் சதுக்கத்தில் தரையிலிருந்தே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நூறு பிள்ளைகள் நடுவில் புகுந்து ஓடின. நனைந்தால் மாற்றிவிடலாம் என்று நாலாவது சட்டையைத் தோள்பையில் போட்டிருந்தாள். மனசுக்குப் பிடிக்காவிட்டாலும், தைத்த துணியைச் சும்மா வைத்திருக்கத் தையல்காரிக்கு மனம் வராது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“மூணும் இருக்கா?”

தண்ணீர்த் திரைக்கு அந்தப் பக்கம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

“மூணும் இருக்கு,” என்றாள்.

சொன்னபோது வாயில் அப்பாவின் குரல் கேட்டது. அதே சொல், அதே நிம்மதி. மறுபடி பார்த்தாள். மூத்தவள் முகம் தெரிந்தது. நடுவிலான் வாயில் தண்ணீரைப் பிடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். மூன்றாவது மஞ்சள் முதுகைக் காட்டி, கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் நின்றது.

எதிர்ச்சாரியைவிடத் தூரம்தான். ஆனாலும் அந்தக் கண் விடுமா? இடது கை ஓரம் அரை அங்குலம் மேலே நின்றது. தலையில் செங்கல் நிற ரிப்பன்.

பைக்குள் கையை விட்டாள். சட்டை இல்லை.

“குட்டி எங்கேங்க?”

“அதோ நிக்கிறாளே…”

“அது குட்டி இல்லை!”

எழுந்து ஓடினாள். அந்த உருவமும் திரும்பாமலே நகர்ந்தது. நூறு பிள்ளைகளின் நடுவே யாரையும் இடிக்காமல், நீரூற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பலூன்காரரைத் தாண்டி, தூணைத் தாண்டி, மூலையில் மறைந்தது. மூச்சிரைக்க மூலை திரும்பினாள். படிக்கட்டு. அவள் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக, ஈரமாக, ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடந்தது. இரைச்சலெல்லாம் கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது.

மூன்றாவது படியில் குட்டி ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி கண்ணு இங்க வந்தே?”

“வழி தெரியலம்மா. ஒரு அக்காதான் உக்கார வச்சா. நகராதே, அம்மா வருவாங்க, கொஞ்சம் லேட்டாகும்னு சொன்னா.”

“எந்த அக்கா?”

“மஞ்சச் சட்டை அக்கா. அவளோட அம்மா ரொம்ப லேட்டாம்.”

குட்டியின் பக்கத்தில், படியின்மேல், நாலாவது சட்டை இருந்தது. மடிப்புக் கலையவில்லை. ஒரு சொட்டு ஈரமும் இல்லை. டேப்பக்கா குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் படியில் தானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு இடது கையைப் பக்கத்து வெற்றிடத்தில் நீட்டி, “வா, போலாம். லேட்டாயிடுச்சு,” என்றாள். குட்டியிடம்தான் சொன்னாளாம். குட்டியோ ஏற்கனவே இடுப்பில் இருந்தாள்.

ஐந்து பேர் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள். அன்றிலிருந்து டேப்பக்கா சட்டையை எண்ணுவதில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முகத்தைப் பார்த்து, நாக்கையும் நீட்டச் சொல்லி எண்ணுகிறாள்.

இதை எழுதி முடித்த அன்று, அவள் தைத்த தலையணை உறைகளைக் கொடுக்க வந்தாள். படிக்கக் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தாள். மடிப்பு சரி, ரிப்பன் சரி, நாக்கும் சரி என்று தலையாட்டினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒரே ஒரு சொல்லை அடித்தாள். கரி வரியெல்லாம் தீற்றியது.

“கத்தரி வலது கையிலன்னு எழுதியிருக்கீங்களே பெரியம்மா. அது போன லீவு வரைக்கும்.”