பரமு அக்கா கடைசியாக எழுதிய வரி

திங்கட்கிழமை காலை, குருண் ஊரில் எங்கள் தொழிற்சாலையின் சாமான் அறையில் கையுறைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பரமு அக்காவின் எண்ணிலிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. உடம்பு தேறிவிட்டது, என்னைத் திட்டத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துத் திறந்தேன். "அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. மணியம்." அக்காவின் கணவர் மணியம் அண்ணன் அக்காவின் போனிலிருந்தே எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். செய்திக்கு மேலே அக்காவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. தன் சாவைத் தானே வந்து சொன்ன மாதிரி இருந்தது. நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதினாலும் அது அவருக்கே போய்ச் சேரும் என்று பயமாக இருந்தது.

பரமேஸ்வரி என்று சொன்னால் எங்கள் தொழிற்சாலையில் பலருக்குத் தெரியாது. பரமு அக்கா என்றால் கேண்டீன் வரைக்கும் தெரியும். தரப் பரிசோதனைப் பிரிவில் அவர் கண்ணுக்குத் தப்பி ஓட்டைக் கையுறை ஒன்றுகூட வெளியே போனதில்லை. அவருடைய இன்னொரு வேலை உங்களில் சிலருக்குத்தான் தெரியும். இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்தித் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளை எழுதுவார், திருத்துவார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற இடம் அது. அக்காவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நடிகைகள் இந்தியில் அழுவார்கள், திரையின் அடியில் மலாய் வரிகள் ஓடும், அக்கா அதைப் படித்துத் தமிழில் எழுதுவார்.

நானும் அதே வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தேன். மீசை வைத்த ஆள் மாமியார் சண்டை பார்க்கிறான் என்று கேலி செய்வார்களே என்று வெளியே சொல்லவில்லை. கட்டுரை ஒன்றில் பெயர் தெரியாத யாரோ ஒருவரோடு ஒரு மாதமாக எனக்குத் தகராறு. நான் மாற்றுவேன், அவர் திரும்ப மாற்றுவார். ஒரு நாள் கேண்டீனில் பக்கத்து மேசையில் அக்கா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்: "எவனோ ஒரு மடையன், ரெண்டாவது மருமகள மூணாவதுன்னு மாத்திக்கிட்டே இருக்கான்." எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது மூணாவதுதான்க்கா" என்றேன். அக்கா தே தாரிக் டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மடையன் என்று சொன்னதற்கு அவர் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சேர்ந்து எழுதினோம். "இதையெல்லாம் யாருக்கா படிக்கப் போறா?" என்று கூட வேலை செய்யும் ஒருத்தி கேட்டாள். "நைட் ஷிப்ட் பொம்பளைங்க படிக்கிறாங்கலா. மூணு நாள் பாக்காட்டி யாரு யாருக்கு மாமியார்னே தெரியாமப் போயிடுது. பாவம்ல?" என்றார் அக்கா. அவருக்கு அது விளையாட்டு இல்லை.

அவர் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். ஒன்று, சாவு. இந்தித் தொடர்களில் மலையிலிருந்து விழுந்தவர்கள் எழுந்து வருவார்கள், முகம் மாறியும் வருவார்கள். "செத்துட்டாங்கன்னு ஒடனே எழுதிடாத வேலு. கொள்ளி வச்சதக் காட்டட்டும், அப்புறம் எழுதலாம்" என்பார். இன்னொன்று: "பாக்காம எழுதாத. பாக்காம அழிக்கவும் அழிக்காத." இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை.

போன ஆண்டு அவருடைய சிறுநீரகம் கைவிட்டது. வேலையை விட்டார். சுங்கை பட்டாணியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அங்கே நாற்காலிகளுக்கு மேலே ஒரு டிவி உண்டு. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன் என்று அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, நாங்கள் இருவரும் பார்த்துவந்த தொடரின் மூத்த மருமகளைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சுலோச்சனா வீட்டார் அனைவரும் அருகில் இருக்க இறந்தார்."

நான் அந்தப் பகுதியைப் பார்க்கவில்லை. அந்த வாரம் தொழிற்சாலையில் கூடுதல் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை செத்துப் பிழைத்தவள் சுலோச்சனா. அக்காவே ஏமாந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி. அன்றே வரியை நீக்கினேன். திருத்தத்துக்குக் காரணம் எழுத அங்கே ஒரு சின்னக் கட்டம் உண்டு. "கொள்ளி வைத்ததைக் காட்டினார்களா?" என்று அதில் கிண்டலாக எழுதினேன். பதில் வரவில்லை.

சுங்கை பட்டாணி மின் தகனச் சாலையில் மணியம் அண்ணன் பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது. எனக்கு அந்த நேரத்தில் மந்திரம் கேட்கவில்லை, அழுகை கேட்கவில்லை. நான் எழுதிய அந்தக் கேள்விதான் காதில் கேட்டது. வெளியே ஓடி வந்து சுவரோரமாக உட்கார்ந்தேன். வெயில் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் அந்தப் பகுதியைத் தேடிப் பார்த்தேன். காட்டியிருக்கிறார்கள். சிதை எரிவதை மூன்று கோணத்தில் காட்டியிருக்கிறார்கள். அக்கா தன் விதியை மீறவில்லை, நான்தான் மீறினேன். அவருடைய வரியை எழுத்து மாறாமல் திரும்பச் சேர்த்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

கருமாதிக்குச் சுங்கை லாலாங்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் மணியம் அண்ணன் போனை என்னிடம் நீட்டினார்.

"கடைசியா அது என்ன எழுதுச்சு வேலு? காட்டு."

காட்டினேன். அவர் அந்த வரியை வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அண்ணே, இத நான் அழிச்சிட்டேன். பாக்காமலே அழிச்சிட்டேன். அக்கா போனதுக்கு அப்புறம்தான் திரும்பப் போட்டேன்."

"தெரியும்" என்றார். "டயாலிசிஸ்ல இருந்தப்ப நாந்தான் பக்கத்துல இருந்தேன். நீயே திருப்பிப் போடேன்னு சொன்னேன். வேணாம், வேலு பாத்துட்டு அவனே போடுவான்னுச்சு."



"நாலு நாளும் தொறந்து தொறந்து பாத்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தை விரலால் தள்ளியபடி கேட்டார்: "திரும்பப் போட்டதுக்கு நேரா யாரு பேரு இருக்கு?"

"என் பேருண்ணே."

அவர் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து உங்களிடம் ஏதேதோ இருக்கும். சிரிப்பு இருக்கும், திட்டு இருக்கும், கொடுத்தனுப்பிய குழம்பின் ருசி இருக்கும். என்னிடம் இருப்பது அவர் நான்கு நாள் காத்திருந்த ஒரு வரி. அது இன்று என் பெயரில் நிற்கிறது.