கோட்டைச்சாமி கொத்திய பெயர்கள்

சுருளிப்பட்டிக் கோட்டைச்சாமி அம்மி கொத்துகிறவன். கைராசிக்காரன் என்று பேர். அவன் கொத்திய அம்மியை மிதித்த பெண் தாலியறுத்ததில்லை என்று கம்பம் வரைக்கும் சொல்வார்கள். கல்யாணம் வைத்தவன் முதலில் போவது அவன் வாசலுக்குத்தான்.

பெரியாற்று அணை கட்டிய காலம் அது. வேலைக்கு வந்த துரைமார் ஊருக்கு மேற்கே தரிசைச் செதுக்கி கோல்ப் ஆட இடம் பண்ணினார்கள். குச்சியால் உருண்டையை அடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம். சீமையில் இதையே தொழிலாக ஆடுகிறவர்கள் வருசத்துக்கு ஒருதரம் கூடி மோதுவார்களாம். ஜெயித்தவன் பேரை வெள்ளிச் சாமானில் பொறிப்பார்களாம். இங்கே வெள்ளிக்கு எங்கே போக? ஆள் உயரக் கல் ஒன்றை நட்டு, தை மாதப் பந்தயத்தில் ஜெயித்த துரையின் பேரை அதில் வெட்டச் சொன்னார்கள். வெட்டியவன் கோட்டைச்சாமி.

அவனுக்கு எழுத்து தெரியாது. காகிதத்தில் வரைந்து கொடுத்ததை அப்படியே கல்லில் இறக்குவான். இரண்டு வருசமும் மழைக்காலத்தில் கல்லறைக் கல் வெட்டச் சொன்னார்கள். அதையும் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் வருசம் நெட்டைத் துரை ஜெயித்தார். பேரை வெட்டி, தூசியைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றபோது மேலே இருந்த பேர் கண்ணை உறுத்தியது. தலைகீழாகத் தொங்கும் கொக்கு மாதிரி ஒரு எழுத்து, பக்கத்தில் இரண்டு வட்டம். இதே கொக்கைப் போன ஐப்பசியில் கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கிறான். துரைமார் பங்களாச் சமையல்காரன் ஞானதுரை பக்கத்தில் நின்றான். அவனைக் கேட்டான்.

“போன வருசம் ஜெயிச்சவுக. காய்ச்சல்ல போயிட்டாக. கல்லறைக்குக் கல்லு நீதானய்யா வெட்டுன?”

“இதுக்கு மேல இருக்கவுக?”

“அவுகளும்தான்.”

சுத்தியல் நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. மலைக்காய்ச்சலில் கூலியாட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது அவனுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பேரை எவன் கல்லில் வெட்டினான்? இவன் வெட்டிய பேர் இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டது. மூன்றாவதும் வெட்டியாயிற்று.

வீட்டில் மகள் அக்கம்மாளின் கல்யாண அம்மி தயாராக இருந்தது. அவன் கையால் கொத்தியது. கொல்லையில் குழி தோண்டி அதை உருட்டிவிட்டு மண்ணைத் தள்ளினான். பெண்டாட்டி சங்கிலியம்மாள் விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அந்தக் கையால அடிபட்ட நானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கல்லு என்ன பண்ணும்?”

அவன் காதில் ஏறவில்லை. உத்தமபாளையத்து அம்மியை வாங்கி மகளை மிதிக்க வைத்தான். கொத்துகிறவன் மகளே வேற்றூர்க் கல்லை மிதித்தால் ஊர் சும்மா இருக்குமா? அதோடு அவன் வாசலுக்கு ஆள் வருவது நின்றது. உளியைப் பரணில் போட்டுவிட்டு வாய்க்கால் வேலைக்கு மண் சுமக்கப் போனான்.

ஐப்பசியில் நெட்டைத் துரையை டோலியில் தூக்கிப் போனார்கள். கம்பளிக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கோட்டைச்சாமி மண்கூடையோடு பாதையோரத்தில் உட்கார்ந்தவன்தான், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

மறு தையில் ஞானதுரை வந்து பேர் வெட்டக் கூப்பிட்டான். முடியவே முடியாது என்றான் இவன். வெட்டாவிட்டால் போகிறது, வந்து பார்த்துவிட்டாவது போ என்று இழுத்துக்கொண்டு போனான். கல்லுக்குப் பக்கத்தில், மஞ்சள் பூத்த முகமும் எலும்புமாக, குச்சியை ஊன்றி நெட்டைத் துரை நின்றார். இந்த வருசமும் ஜெயித்தவர் அவர்தான்.

கோட்டைச்சாமி முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தான். பூட்ஸ் தரையில் பாவியிருந்தது.

“ஏலே, பேயின்னா நெனச்ச?” என்றான் ஞானதுரை.

பரணில் கிடந்த உளியை எடுத்து வந்தான். எப்படியோ வெட்டி முடித்து, வீட்டுக்கு ஓடி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். இடுப்பளவு தோண்டியும் அம்மி இல்லை. சங்கிலியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தோண்டாதீக. கல்யாணத்து மறுநாளே எந்தம்பியள விட்டுத் தூக்கி அவ வீட்டுக்கு வண்டியில ஏத்திவிட்டேன். ஒரு வருசமா அக்கம்மா அதுலதான் மொளகா அரைக்கிறா.”

அவன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

“மாப்பிள்ளை?” என்றான் ஒருவழியாக.

“அவுகளுக்கென்ன. தின்னு தின்னு தொந்தி போட்டுட்டாக.”